அப்பாவின் பிக்கப்பும் இண்டிகேட்டர் சுவிட்ச்சும்

கடலூர் துறைமுகத்திலிருந்து இருபது வருஷத்துக்கு மேல் மீன் பெட்டி சுமந்த வண்டி. 1987ல் அப்பா வாங்கிய ஜீப் பிக்கப். இப்போது லோடு ஏற்றுவதில்லை. ஆனாலும் வாரத்துக்கு ஒரு முறை அப்பா அதை எடுத்துக்கொண்டு பாகூர் பக்கம் இருக்கும் நிலத்தைப் பார்த்துவிட்டு வருவார். இண்டிகேட்டர் மங்கலாக எரியும். சில நேரம் சிமிட்டாமல் அப்படியே நிற்கும். அதனால் கையைத்தான் வெளியே நீட்டுவார். போன மாசியில் ஒரு நாள், இருட்டிய பிறகு வலப்பக்கம் ஒடித்தபோது பின்னால் வந்த பஸ் உரசாத குறையாக வந்து நின்றது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

பல்பு நான்கையும் மாற்றினேன், அப்புறம் விளக்கைச் சிமிட்ட வைக்கும் பிளாஷரை மாற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை. ஓ.டி.யில், அதாவது கடலூர் பழைய நகரத்தில், வயரிங் வேலை செய்யும் பாய் ஒருவர் வண்டியைப் பார்க்காமலே சொன்னார்: "பிளாஷர்லேர்ந்து வர்ற வயரை சுவிட்ச்சுக்குக் குடுக்காம, நேரா லெஃப்ட் வயர்ல தொட்டுப் பாருங்க தம்பி." தொட்டேன். பளிச்சென்று எரிந்து டிக், டிக் என்று சிமிட்ட ஆரம்பித்தது. 12 வோல்ட்டில் முன்னால் ஒரு 21 வாட் பல்பு, பின்னால் ஒன்று. இரண்டும் சேர்ந்து 3.5 ஆம்பியர் இழுக்க வேண்டும். பழைய பிளாஷருக்குள் இருப்பது சூடானால் வளைகிற தகடு. சுவிட்ச் கரண்டைத் தடுத்தால் தகடு சூடாகாது, விளக்கு சிமிட்டாது. முதலிலேயே இதைச் செய்து பார்த்திருந்தால் பிளாஷர் காசு மிச்சம்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, முன்சக்கரங்களை நேராக நிறுத்திக்கொண்டேன். சுவிட்ச்சை எடுக்க முதலில் ஸ்டியரிங்கைக் கழற்ற வேண்டும். அதன் நட்டை முழுசாக எடுக்காமல் இரண்டு மரை விட்டு வைத்தேன். இறுகிக் கிடக்கும் ஸ்டியரிங் திடீரென்று விடுபட்டால் முகத்தில் அடித்துவிடும். ஒவ்வொரு வயரிலும் பிளாஸ்திரி ஒட்டி எண் எழுதிவிட்டுத்தான் சுவிட்ச்சை வெளியே எடுத்தேன்.

அதைத் திறக்கும்போது ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துத் திறங்கள். உள்ளே லீவரை இடம் வலமாக நிறுத்திப் பிடிப்பது ஒரு சின்ன எஃகு குண்டும் அதன் கீழே இருக்கும் ஸ்பிரிங்கும்தான். எனக்கு அது கவருக்குள்தான் தெறித்தது, தப்பித்தேன். பித்தளைத் தகடுகளைப் பார்த்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. உப்புக் காற்றும் மீன் தண்ணீரும் பட்டுப் பச்சை பூத்து, குண்டு ஓடிய இடத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம். தீப்பொறி பட்ட முனைகள் கரித்துண்டு மாதிரி இருந்தன. ஸ்பிரிங் துருப்பிடித்துப் பாதியாகத் தேய்ந்திருந்தது.

பள்ளத்தில் ஈயம் வைத்து நிரப்பலாம் என்று நினைத்தேன். பாய் வேண்டாம் என்றார்; ஈயம் மெத்து, ஒரு மாதத்தில் தேய்ந்து தூளாகி மற்ற தகடுகளிலும் ஒட்டிக்கொள்ளும். நைஸ் உப்புத்தாளால் கரியை மட்டும் எடுத்துவிட்டு, தகடுகளை மயிரிழை அளவு மேலே வளைத்தால் அழுத்தம் திரும்பிவிடும் என்றார். ஸ்பிரிங்குக்குப் பேனா ஸ்பிரிங்கைப் போட்டுப் பார்த்தேன், லீவர் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதி சந்தையில் வேறு ஏதோ வண்டியின் உடைந்த சுவிட்ச் ஒன்று 150 ரூபாய்க்குக் கிடைத்தது. அதன் ஸ்பிரிங் கச்சிதமாகப் பொருந்தியது. தகடுகள் மேல் துளி வேஸலின் தடவி மூடினேன்.

மாட்டியதும் ஒரு தப்பு செய்தேன். ஸ்டியரிங்கை ஒரு பல் தள்ளி உட்கார வைத்துவிட்டேன். இடப்பக்கம் போட்ட லீவர் திருப்பம் முடிவதற்குள் திரும்பிவிட்டது, வலப்பக்கம் போட்டது திரும்பவே இல்லை. மறுபடி கழற்றி நேராக உட்கார வைத்ததும் சரியாகிவிட்டது. கழற்றும் முன்பே தண்டிலும் ஸ்டியரிங்கிலும் ஒரு கோடு போட்டு வைத்தால் இந்த வேலை மிச்சம்.

அடுத்த வாரம் நானும் அப்பாவோடு போனேன். புதுச்சேரியிலிருந்து திரும்பி வரும்போது, பாகூருக்கு வலப்பக்கம் ஒடிக்கும் இடத்தில் அப்பா பழக்கத்தில் லீவரையும் தட்டிவிட்டு கையையும் வெளியே நீட்டினார். டாஷ்போர்டில் பச்சை விளக்கு சிமிட்டியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, கையை உள்ளே எடுத்துக்கொண்டார்.