நைட்டு 11 மணி சார்ஜிங் டைமர் படுத்துன பாடு

கனடா ஒன்டாரியோல ப்ளக்-இன் ஹைப்ரிட் (வீட்ல சார்ஜ் போடற பேட்டரியும் பெட்ரோல் இஞ்சினும் சேந்த வண்டி) வச்சிருக்கறவங்க யாராச்சும் டைமர் போட்டும் சார்ஜ் ஏறலன்னு மண்டைய உடைச்சிக்கிட்டு இருந்தா இது உதவும்னு எழுதறேன். வண்டி பேரு வேணாம், எந்த வண்டியிலயும் நடக்கக்கூடிய விஷயம்தான்.

இங்க 2023 மே மாசம் அல்ட்ரா லோ ஓவர்நைட்னு ஒரு பிளான் வந்துச்சு, ராத்திரி 11ல இருந்து காலைல 7 வரைக்கும் கரண்ட் அடிமாட்டு ரேட்டு. 2024 குளிர்காலத்துல யூனிட் 2.8 சென்ட், ஆனா வார நாள்ல சாயங்காலம் 4 டு 9 அதே யூனிட் 28.4 சென்ட். அதாவது பத்து மடங்கு. டெலிவரி சார்ஜ், டாக்ஸ் எல்லாம் தனி. இந்த பிளானுக்கு மாறிட்டு டைமர் சொதப்புச்சுன்னா பழைய பிளானே தேவலன்னு ஆயிடும்.

ப்ளக்-இன்ல ஒரு தொல்லை என்னன்னா, சார்ஜ் ஏறலன்னாலும் வண்டி நிக்காது, இஞ்சின் தன்பாட்டுக்கு ஓடும், அதனால யாருக்கும் உறைக்காது. நவம்பர்ல இருந்தே வீட்டுக்காரம்மா "ஏங்க, இன்னிக்கும் இஞ்சின் சத்தம் கேக்குது"ன்னு சொல்லிட்டே இருந்தாங்க, குளிருக்கு ஹீட்டர் போட்டா இஞ்சின் ஓடும்தானேன்னு ரெண்டு பேருமே விட்டுட்டோம். பெட்ரோல் செலவு ஏறுனதுக்கு அப்புறம்தான் உக்காந்து பாத்தேன்.

கார் ஆப்ப நம்பாம, கரண்ட் கம்பெனி சைட்ல மணிவாரியா யூசேஜ் காட்டுவாங்கல்ல, அத எடுத்தேன். எங்க வண்டி 3.3 கிலோவாட்டுக்கு மேல இழுக்காது (சார்ஜர் 7 கிலோவாட் குடுத்தாலும் அவ்ளோதான்), அதனால சார்ஜ் ஆன மணியெல்லாம் கிராஃப்ல மூணு யூனிட் உசரத்துக்கு கட்டை கட்டையா நிக்கும். பாத்தா ரெண்டு விதமான நாள் இருக்கு. சில நாள் ஒழுங்கா 11ல இருந்து 3 வரைக்கும் கட்டை. பல நாள் ஒண்ணுமே இல்ல.

ஏறாத நாளதான் மொதல்ல புடிச்சேன். ஒழுங்கா ஏறுன நாளெல்லாம் யோசிச்சுப் பாத்தா, ஒண்ணு 11க்கு மேல லேட்டா வந்து சொருகுன நாளு, இல்லன்னா ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஏறுதான்னு நான் ஆப்ப தொறந்து பாத்த நாளு! நான் செக் பண்றதுதான் வண்டிய எழுப்பி விட்டிருக்கு, செக் பண்ணாத நாள் அது தூங்கிருது.

ஏன்னா டைமர் ரெண்டு இடத்துல இருந்துச்சு. கார்ல ஒண்ணு, அது மொதல்லேருந்தே இருக்கு. செவுத்துல மாட்டுன சார்ஜர்ல ஒண்ணு, மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் போட்டு குடுத்துட்டு போனது. ரெண்டும் 11 மணிதானே, என்ன பிரச்சனைன்னு தோணும். இங்க குளிர்காலத்துக்கு நவம்பர்ல எல்லா கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னாடி வைப்பாங்க, கார் கடிகாரம் அப்படி போகவே இல்ல, அத தானா மாத்தற டேலைட் சேவிங் ஆட்டோன்னு ஒரு செட்டிங் மெனுவுக்குள்ள எங்கயோ ஆஃப்ல கெடந்துச்சு. போன் கனெக்ட் ஆனதும் ஸ்கிரீன்ல தெரியறது போனோட டைம், அதனால கண்ணுல படவே இல்ல. சார்ஜர் வைஃபைல சரியான டைம் எடுத்துக்குது. ஆக நிஜ டைம் 10 மணிக்கு கார் முழிச்சு கரண்ட் கேக்குது, சார்ஜர் இன்னும் நேரம் ஆகலங்குது, கார் சரின்னு போர்வைய இழுத்துக்குது. 11க்கு சார்ஜர் தயார், வாங்க ஆளில்ல.

கொஞ்சம் உள்ள போனா, சொருகுற ப்ளக்ல பைலட்னு ஒரு சின்ன ஒயர் இருக்கு, சும்மா தொங்கும்போது 12 வோல்ட், கார்ல மாட்டுனா 9, கார் நான் ரெடின்னா 6. அந்த 6க்கு எறங்குனாதான் சார்ஜர் உள்ள ரிலேங்கற சுவிட்ச் டக்குனு ஒரு சத்தம் போட்டு கரண்ட விடும். எங்க வண்டி தூங்கிட்டா 9லயே நிக்கும்.

கார் டைமர தூக்கிட்டு சார்ஜர்ல மட்டும் வச்சு பாத்தேன், அப்பவும் தூங்குன வண்டி சில நாள் எழும்பல. அதனால திருப்பி போட்டேன்: சார்ஜர் எப்பவும் ஆன், டைமர் கார்ல மட்டும், கடிகாரத்த சரி பண்ணியாச்சு. டெஸ்ட் பண்றதுக்கு 11 வரைக்கும் முழிச்சிருக்க வேணாம், டைமர அர மணி நேரம் தள்ளி வச்சு, வண்டிய லாக் பண்ணி, சாவிய வீட்டுக்குள்ள கொண்டு போய் வச்சுட்டு, ஆப்ப தொடாம கராஜ்ல நின்னா போதும். டக் சத்தம் கேட்டா பாஸ்.

சார்ஜர எப்பவும் ஆன்ல விட்டதும் வேற ஒரு பிரச்சனை வந்துச்சு, சில நாள் சாயங்காலம் 5 மணிக்கே, பீக் ரேட்டுல, ஜாம்ஜாம்னு ஏறிடுச்சு. டைமர் வீட்ல மட்டும் வேலை செய்யணும்னு செட் ஆகியிருந்துச்சு, கராஜ் கூரைக்குள்ள ஜிபிஎஸ் தடுமாறி வண்டி பின்னாடி தெருவுல நிக்குதுன்னு நெனச்சுக்குது, வீடு இல்லையா அப்ப உடனே சார்ஜ். வெளில டிரைவ்வேல நிறுத்தி லொகேஷன திரும்ப சேவ் பண்ணியும் அப்பப்ப தவறுச்சு, கடைசில எல்லா எடத்துக்கும் ஒரே டைமர்னு மாத்திட்டேன். மால்ல சொருகுனா மட்டும் இப்ப சார்ஜ் பண்ணுன்னு கையால ஒரு தடவ அமுக்கணும், அது பரவால்ல.

டீலர்கிட்டயும் கேட்டேன், சாஃப்ட்வேர் அப்டேட் போட்டு பாக்கலாம், ஒரு நாள் வண்டிய விட்டுட்டு போங்கன்னாங்க, விடல.

இப்ப கிராஃப்ல மிச்சம் இருக்கறது காலைல 7:20க்கு வர்ற குட்டி கட்டை மட்டும். கெளம்பற டைமுக்கு முன்னாடி வண்டி உள்ள சூடு பண்ணிக்குது, அது 7க்கு மேலங்கறதால 2024 குளிர்கால கணக்குல 12.2 சென்ட் ரேட்டு. மைனஸ் 15ல அந்த காச மிச்சம் புடிக்க எனக்கு தெம்பில்ல, விட்டுட்டேன்.