பணம் கட்டியவர் கேட்ட கேள்வி

"பணத்தைத்தான் கட்டிவிட்டேனே அம்மா, பிறகு இந்தத் தடை யாருக்காக?" என்று தன் நாயைப் படம் எடுக்க அழைத்து வந்திருந்த ஒருவர் கேட்டார். "விலங்குகளின் பாதுகாப்புக்காக, ஐயா" என்று நான் சொன்னேன். மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. எங்கள் விலங்குக் காப்பகத்தின் ஆண்டிறுதி விடுமுறைக்கால நிதிதிரட்டலில், வளர்ப்பவர்கள் அழைத்து வரும் நாய்களைக் கட்டணம் வாங்கிப் படம் எடுத்துத் தருகிறோம். அதற்கான பின்திரையும் விளக்குகளும் வந்து இறங்கும் நாளில், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கேள்வியைவிட நான் சொன்ன அந்தப் பதில்தான்.

சொந்தக் கைப்பேசியில் படம் எடுக்கக் கூடாது என்ற விதியை எழுதியவள் நான். அதற்குக் காரணங்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஒளிப்படக் கலைஞர் ஒரு நாள் முழுவதையும் ஊதியமின்றித் தருகிறார். அச்சுச் செலவு போக மிஞ்சுவது காப்பகத்து நாய்களின் தடுப்பூசிக்கும் கருத்தடைச் சிகிச்சைக்கும் தீவனத்துக்கும் போகிறது. பின்திரைக்கு முன் நாயை உட்காரவைத்து ஒவ்வொருவரும் தாமே படம் எடுத்துக்கொண்டால், எங்கள் படத்தை வாங்குவதற்கு யாருக்கும் தேவை இருக்காது. இதுதான் முதற்காரணம், இது பணத்தைப் பற்றியது. மற்றவை இதற்குப் பிறகு வருபவை. வளர்ப்பவர் பக்கத்தில் கைப்பேசியுடன் நின்றால் நாய் கேமராவைப் பார்க்காது, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். கீச்சிடும் பொம்மைக்கு நாய் நாலைந்து முறைதான் தலையைத் திருப்பும், அதன்பின் அந்த ஒலி அதற்குப் பழகிவிடும், எனவே அந்தச் சில விநாடிகளை இரண்டு கேமராக்களுக்குப் பங்கிட முடியாது. ஒரு குடும்பத்துக்குக் கூடுதலாக இரண்டு நிமிடம் ஆனாலும், வரிசையில் ஒன்றையொன்று அறியாத நாய்கள் நெருக்கமாக நிற்கும் நேரம் நீளும். அதில் உள்ள அபாயத்தை இந்த வேலையில் இருக்கும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அறிவிப்புப் பலகையில் நான் எழுதியது 'விலங்குகளின் பாதுகாப்பு கருதி' என்ற மூன்று சொற்களை மட்டுமே. தொண்டு நிறுவனம் பணத்தைக் காரணம் காட்டினால் கொச்சையாகத் தெரியும் என்று நினைத்தேன். மறுத்துப் பேச யாருக்கும் மனம் வராத காரணம் ஒன்று கைவசம் இருந்தது, அதை எடுத்துக்கொண்டேன்.

அன்று வந்த அந்தப் பழுப்பு நாய், தரையில் விரித்திருந்த துணியின் ஓரத்தைத் தாண்டவே இல்லை. குடை மாட்டிய விளக்குகள் இரண்டும் அதன் உயரத்துக்குப் பெரிய உருவங்களாகத் தெரிந்திருக்க வேண்டும். மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்றால் நாயின் காது 45,000 வரை கேட்கும் என்பார்கள். எங்களுக்கு எட்டாத எந்த ஒலியை அந்தக் கருவிகளிலிருந்து அது கேட்டதோ தெரியாது. தூக்கமில்லாமலே கொட்டாவி விட்டது, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தது, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பியதால் விழியின் வெண்மை பிறைபோலத் தெரிந்தது, வாலோ வயிற்றோடு ஒட்டியிருந்தது. இவை அச்சத்தின் அறிகுறிகள் என்று ஒவ்வொரு முகாமுக்கும் முன்பு தன்னார்வலர்களுக்குப் பாடம் எடுப்பவள் நானேதான். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ள அங்கே இடமில்லை.

அவர் ரசீதைக் காட்டி மிகவும் நிதானமாகப் பேசினார். "விளக்கைப் பார்த்துத்தான் இவன் மிரளுகிறான். அதை அணைத்துவிடுங்கள், நான் இவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் கைப்பேசியில் ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் படம் எனக்கு வேண்டாம், பணம் உங்களிடமே இருக்கட்டும்" என்றார். கலைஞர் என் காதருகே வந்து, "அணைத்துக்கொள்ளலாம், இரண்டு நிமிடம்தான்" என்றார். நான் தலையசைத்து மறுத்தேன். அதன்பிறகுதான் யாருக்காக என்ற கேள்வியும் என் பதிலும். அவர் நாயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "இவனுடைய பாதுகாப்புக்காகவா?" என்று கேட்டார். அந்தக் குரலில் கோபம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. "விதி எல்லோருக்கும் ஒன்றுதான், ஐயா" என்றேன். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னபோது வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, நாயை முன்னே நடக்கவிட்டுப் பின்னால் போனார்.

மறுத்தது தவறு என்று இன்றும் என்னால் முழுமையாகச் சொல்ல முடியவில்லை. வரிசையில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அனுமதித்தால் அடுத்தவருக்கு எதைச் சொல்லி மறுப்பது? ஒவ்வொருவருடைய நியாயத்தையும் அந்த இடத்திலேயே நின்று எடைபோடுவது இயலாது என்பதற்காகத்தானே விதி என்ற ஒன்றை எழுதுகிறோம்? ஆனால் இந்த வாதத்தை நான் அவரிடம் சொல்லவில்லையே. "உங்களுக்கு விட்டால் பின்னால் இருப்பவர்களுக்கும் விட வேண்டும், அப்புறம் இந்த ஆண்டுத் தடுப்பூசிக்குப் பணம் சேராது" என்று சொல்லியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்கும், அவர் ஒப்புக்கொண்டிருக்கவும் கூடும். நானோ அவருடைய நாயின் பெயரால் அந்த நாய்க்கே பொருந்தாத ஒரு காரணத்தைச் சொன்னேன். அந்த இடத்தில் அதற்கு அச்சமூட்டியவை எங்கள் கருவிகள் மட்டுமே, அவர் கையிலிருந்த கைப்பேசியை அது தினமும் பார்த்துப் பழகியிருந்தது.

இதோடு முடிந்திருந்தால் எனக்குத் தெளிவான ஒரு குற்றவுணர்வாவது மிஞ்சியிருக்கும். அடுத்த ஆண்டு விதியைத் தளர்த்தினேன். எங்கள் படம் எடுத்து முடிந்ததும் அரை நிமிடம் சொந்தக் கைப்பேசியைப் பயன்படுத்தலாம் என்று வைத்தோம். பலரும் மகிழ்ந்தார்கள். பிற்பகலில் ஒருவர் திரையைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தார். இழுத்தால் நீளும் வகையைச் சேர்ந்த கழுத்துவார் அவர் கையிலிருந்து தளர்ந்து நீண்டது, அவருடைய நாய் வரிசையில் நின்ற சிறிய நாயின் முகத்துக்கு நேரே போய்விட்டது. ஒரு சீற்றம், ஒரு கடி. காதின் ஓரத்தில் சிறு கிழிசல், தையல் தேவைப்படவில்லை. "போன ஆண்டு நீங்கள் சொன்னது எவ்வளவு சரி" என்று ஒரு தன்னார்வலர் ஆறுதலாகச் சொன்னார். அந்தப் பாராட்டை ஏற்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. நான் சொன்ன காரணம் பொய்யில்லை என்று ஓராண்டு கழித்து நிரூபணமாகிவிட்டது. ஆனாலும் சொன்ன நேரத்தில் அதை நம்பிச் சொன்னேனா என்று கேட்டால், இல்லை. காயம்பட்ட அந்தச் சிறிய நாயை நினைக்கும்போது அவரிடம் உறுதியாக நின்றதே சரி என்று தோன்றுகிறது. துணியின் ஓரத்தில் நின்ற பழுப்பு நாயை நினைத்தால் அந்த உறுதி கரைந்துவிடுகிறது.

இப்போது விளக்குகளிலிருந்து தள்ளி ஓர் அமைதியான மூலை ஒதுக்கியிருக்கிறோம். மிரளும் நாய்களுக்கு அங்கே ஃபிளாஷ் கிடையாது. வளர்ப்பவர் கழுத்துவாரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துகொள்வார், அவருடைய கைப்பேசியை வாங்கி எங்கள் தன்னார்வலர் படம் எடுத்துத் தருவார், கட்டணம் அதேதான். இதை யோசித்துக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்று கலைஞர் கேட்டதோ இரண்டு நிமிடம்.

பலகையையும் மாற்றி எழுதினேன்: 'இங்கு எடுக்கப்படும் படங்களின் கட்டணத்தில்தான் காப்பகத்து விலங்குகளுக்கான செலவு நடக்கிறது. எனவே உங்கள் கைப்பேசியைத் தயவுசெய்து உள்ளே வைத்திருங்கள்.' பழைய வாசகமே கண்ணியமாக இருந்தது, எதிர்க்கேள்வியும் வராது என்று உடன் பணியாற்றுபவர்கள் இருவர் சொல்கிறார்கள். எதிர்க்கேள்விகள் கூடியிருக்கின்றன என்பது உண்மைதான். சிலர் கேட்டுவிட்டுப் படம் வாங்காமலே போகிறார்கள்.

அந்த ஆண்டின் கணக்குப் பதிவேட்டில் ரசீது எண்ணுக்கு எதிரே படத்தின் எண்ணை எழுதும் கட்டம் ஒரே ஒரு வரியில் காலியாக இருக்கிறது. தணிக்கையின்போது அது ஏன் என்று கேட்டார்கள். 'நன்கொடை' என்று எழுதி ஒப்பமிட்டேன்.