லொறி பார்க்கப் போகும்போது காகிதச் சுருளும் கொண்டு போங்கள்

போன கிழமை மச்சான் தொலைபேசி எடுத்தான். கடைக்குச் சாமான் ஏற்ற ஏழரைத் தொன் லொறி ஒன்று பழையதாகத் தேடுகிறானாம். நான் வாங்கியபோது என்னென்ன பார்த்தேன் என்று கேட்டான். ஒரு மணித்தியாலம் கதைத்தும் முடியவில்லை. லண்டனில் கடை வைத்திருக்கும் எங்கள் ஆட்கள் வேறு சிலருக்கும் இது உதவும், எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நான் ஏன் வானை விட்டு லொறிக்கு வந்தேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன். 2019 நவம்பர் மாதம். அப்போது என்னிடம் இருந்தது மூன்றரைத் தொன் லூட்டன் வான், அதாவது பின்னால் பெரிய பெட்டி வைத்த வான். மூன்றரை, ஏழரை என்பது வண்டியும் பாரமும் சேர்ந்த எடை. இரவு ஒரு மணிக்கு சவுத்தோலில் இருக்கும் வெஸ்டேர்ன் இன்டர்நஷனல் சந்தையில் மரக்கறி ஏற்றி, லூட்டன், நோர்தாம்ப்டன், கொவென்ட்ரி, லெஸ்டர் என்று கடை கடையாக இறக்கிவிட்டுத் திரும்பி வருவேன். வந்ததும் எங்கள் கடையின் காசுப் பெட்டியில் இரவு எட்டு மணி வரை நிற்பேன். அன்று எம்1 சாலையில் தெற்கு நோக்கி வந்துகொண்டிருந்தபோது கண் மூடிவிட்டது. எத்தனை நொடி என்று தெரியாது. ஓரக் கோட்டில் டயர் ஏறிக் கரகரவென்று ஸ்டியரிங் அதிர்ந்த சத்தத்தில்தான் விழித்தேன். பக்கத்தில் பெரிய டாங்கர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. டொடிங்டன் சேவை நிலையத்தில் வானை நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைத்தும் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்க முடியாமல் இருந்தேன். மகளுக்கு அப்போது நான்கு வயது.

வானுக்கும் சட்டம் உண்டு. ஒரு நாளில் 10 மணித்தியாலம் ஓட்டலாம், மொத்த வேலை 11 மணித்தியாலம். ஆனால் அதைப் பதிந்து வைக்கும் கருவி வானில் இல்லை. நான் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். இன்னொன்று பாரம். சாமானை ஏற்றி இறக்கும் பின்தூக்கி பூட்டிய லூட்டன் வானில் சட்டப்படி ஏற்றக்கூடியது ஏறக்குறைய ஒரு தொன். பத்துக் கிலோ அரிசி மூட்டை நூறு வைத்தால் கணக்கு முடிந்தது. நான் அதற்கு மேல் வெங்காயமும் உருளைக்கிழங்கும் அடுக்கிக்கொண்டு போன நாட்கள் நிறைய.

ஏழரைத் தொன் லொறிக்கு வந்தால் டாக்கோகிராஃப் வந்துவிடும், ஓட்டிய நேரத்தையும் ஓய்வையும் வேகத்தையும் பதிந்து வைக்கும் கருவி அது. “அந்தப் பெட்டி பெரிய தலையிடி, வானையே வைத்திரு” என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தப் பெட்டிக்காகவே நான் லொறிக்கு வந்தேன்.

விதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 என்ற ஒழுங்குவிதிதான் பிரெக்சிட்டுக்குப் பிறகும் இங்கே நடைமுறையில் இருக்கிறது. இழுவைப் பெட்டியும் சேர்த்து மூன்றரைத் தொன்னுக்கு மேல் போனால் பொதுவாக அதற்குள் வருவீர்கள். நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை கட்டாயம். அதை 15, 30 என்று அந்த ஒழுங்கிலேயே பிரிக்கலாம், மாற்றிப் பிரித்தால் செல்லாது. ஒரு நாளுக்கு 9 மணித்தியாலம் ஓட்டலாம், கிழமையில் இரண்டு நாள் மட்டும் 10. ஒரு கிழமைக்கு 56, அடுத்தடுத்த இரண்டு கிழமைக்கும் சேர்த்து 90. நாளாந்த ஓய்வு 11 மணித்தியாலம். இரண்டு கிழமை ஓய்வுகளுக்கு இடையில் மூன்று தடவை அதை 9 ஆகக் குறைக்கலாம்.

எங்கள் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. லொறியை நிறுத்திவிட்டுக் கடைக்குள் போய்க் காசுப் பெட்டியில் நிற்பது ஓய்வு இல்லை. கருவியில் கட்டில் படம் ஓய்வைக் குறிக்கும், குறுக்கே வைத்த இரண்டு சுத்தியல் படம் ‘வேறு வேலை’யைக் குறிக்கும். கடையில் நிற்பது, கணக்குப் பார்ப்பது, பெட்டி இறக்குவது எல்லாம் சுத்தியல்தான். சாரதி தன் பெயரில் கருவிக்குள் போடும் அட்டை வெளியே இருந்த நேரத்தில் செய்த வேலையையும் அடுத்த தடவை அட்டை போடும்போது கையால் பதிய வேண்டும். 11 மணித்தியால ஓய்வு கடைப் பூட்டைப் பூட்டிய பிறகுதான் எண்ணத் தொடங்கும். இதை ஒழுங்காகப் பதிந்த முதல் மாதமே என்னால் இரண்டையும் செய்ய முடியாது என்று எழுத்தில் தெரிந்துவிட்டது. பின்னேரத்துக்குக் கடையில் ஒரு பெடியனை வேலைக்கு வைத்தேன். மனைவி மூன்று வருசமாகச் சொன்னதைக் கருவி ஒரு மாதத்தில் எனக்கு விளங்கவைத்தது.

“நூறு கிலோமீட்டருக்குள் ஓடினால் டாக்கோ தேவையில்லை” என்று ஒரு கதை ஊருக்குள் உலாவுகிறது. பாதிதான் உண்மை. ஏழரைத் தொன்னுக்கு மிகாத வாகனத்தில், சாரதி தன் வேலைக்குத் தேவையான கருவிகளையோ பொருட்களையோ கொண்டுபோனால், ஓட்டுவது அவருடைய முக்கிய வேலையாக இல்லாவிட்டால், அந்த விலக்கு உண்டு. குழாய் திருத்துபவர் தன் குழாய்களைக் கொண்டுபோவது மாதிரி. கடை கடையாக மரக்கறி இறக்கும் எங்களுக்கு அது பொருந்தாது. இதை நம்பி ஓடி மாட்டிக்கொண்டவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

உரிமங்களைப் பற்றி நீட்டவில்லை. 1997 ஜனவரி 1க்கு முன் இங்கே கார் சோதனை பாஸ் பண்ணியவர்களுக்கு ஏழரைத் தொன் வரை ஓட்டும் சி1 உரிமம் தானாகவே இருக்கும். நான் அதற்குப் பிறகு வந்தவன், மருத்துவச் சோதனையிலிருந்து எல்லாம் செய்தேன். லொறியைத் தொழிலுக்கு ஓட விட இன்னொரு அனுமதி வேண்டும், சொந்தச் சாமான் மட்டும் ஏற்றுவதால் ரெஸ்ட்ரிக்டட் ஒப்பரேட்டர் லைசென்ஸ் போதும். நான் எடுத்தபோது முதல் வாகனத்துக்கு 3,100 பவுண் கையிருப்புக் காட்ட வேண்டியிருந்தது, உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரமும் போட்டேன். அந்த லைசென்ஸ் கையில் வரும் வரை லொறியை வேலைக்கு எடுக்கக் கூடாது.

சரி, லொறி வாங்கின கதைக்கு வருகிறேன்.

இருபது வருசத்துக்கு மேல் லொறி ஓட்டிய அண்ணை ஒருவர் எனக்குத் துணையாக வந்தார். மெழுகு பூசிய வட்டத் தாளில் ஊசி கீறும் பழைய டாக்கோவில் தொழில் பழகியவர். 2006 மே 1இலிருந்து புதிய லொறிகளுக்கு டிஜிட்டல் கட்டாயமானபோது அதையும் படித்துக்கொண்டார். முதலாவதாகப் பார்த்தது எசெக்ஸ் பக்கம் ஒரு யார்டில், 2015ஆம் ஆண்டு வண்டி. வெள்ளைப் பெட்டி பளபளவென்று இருந்தது. நான் கதவு, சீட், பின்தூக்கி என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணை கூப்பிட்டார்.

“தம்பி, பெயின்டைப் பார்த்தது காணும். உன்ர கார்டைப் போட்டுப் பேப்பரை இழு.”

அட்டையை முதலாம் துளையில் போட்டு, அச்சு மெனுவில் இரண்டு அறிக்கை எடுக்கச் சொன்னார். ஒன்று தொழில்நுட்பத் தரவு, மற்றது நிகழ்வுகளும் பிழைகளும். கடைப் பற்றுச்சீட்டு அளவான தாள் கிர்ரென்று வெளியே வந்தது. தொழில்நுட்பத் தாளில் ஒவ்வொரு தடவையும் எந்தக் கராஜில் கருவிக்கு அளவுதிருத்தம் (கலிபிரேஷன்) செய்தார்கள், எந்தத் தேதி, டயர் அளவு என்ன, அப்போது ஓடோமீட்டர் எத்தனை என்பதெல்லாம் வரிசையாக இருக்கும். இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை அந்த அளவுதிருத்தம் செய்தே ஆக வேண்டும். இந்த வண்டிக்கு அது ஏழு மாதத்துக்கு முன்பே காலாவதி. அடுத்ததாக, தாளில் டயர் 215/75 ஆர் 17.5 என்று இருந்தது. அண்ணை குனிந்து டயரின் பக்கத்தைத் துடைத்துக் காட்டினார். 235/75.

அது ஏன் முக்கியம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அவர் அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டார். பெரிய டயர் ஒரு சுற்றில் கூடத் தூரம் போகும். கருவி பழைய சுற்றளவை நம்பிக்கொண்டிருக்கும். வித்தியாசம் ஏறக்குறைய 4 வீதம். முள் 90 கிலோமீட்டர் காட்டும்போது லொறி 93க்கு மேல் போய்க்கொண்டிருக்கும், ஓடிய தூரமும் குறைவாகவே பதியும்.

மற்றத் தாளில் ஆச்சரியக்குறி போட்ட வரிகள் நிறைய. கருவிக்கு மின்சாரம் தடைப்பட்டது, வேக உணரியில் பிழை என்று திரும்பத் திரும்ப, பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு. பற்றரியைக் கழற்றினாலும் மின்தடை பதியும், அது குற்றமில்லை. ஆனால் உணரிப் பிழையும் அதே இரவுகளில் சேர்ந்து வந்தால் கீழே பார்க்க வேண்டும் என்றார். கீழே அட்டைப் பெட்டியை விரித்துப் படுத்து, டோர்ச் அடித்து கியர்பெட்டியைப் பார்த்தோம். உணரியில் இருக்க வேண்டிய முத்திரை இல்லை. கம்பியின் நுனி மட்டும் துருவோடு நீட்டிக்கொண்டு நின்றது. காந்தம் வைத்து, ஓடும் லொறி நிற்கிறது என்று உணரியை ஏமாற்றுவது இந்தத் தொழிலில் பழைய களவு. அங்கே காந்தம் எதையும் நாங்கள் காணவில்லை. காணாததை நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரவுகளில் அந்தச் சீட்டில் இருந்தவனை நினைத்தேன். டொடிங்டனில் கை நடுங்கி இருந்த என்னைப் போல ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு பெட்ஃபர்ட் பக்கம் ஒரு பேக்கரிக்காரர் தொழிலை மூடுகிறார் என்று தெரிந்து போனோம். 66 பிளேட் (2016-17 பதிவு) டாஃப் எல்எஃப் லொறி. பெட்டியில் கீறல், பம்பரில் ஒரு நசுங்கல். ஆனால் அவர் ஒரு கோப்பைக் கொண்டுவந்து வைத்தார். பத்துக் கிழமைக்கு ஒரு தடவை செய்த பாதுகாப்புப் பரிசோதனைத் தாள்கள், அளவுதிருத்தச் சான்றிதழ்கள், சாரதிகள் தினமும் காலையில் நிரப்பிய சரிபார்ப்புப் புத்தகங்கள் எல்லாம் அதில் இருந்தன. கோப்பில் இருந்த தேதியும் நான் இழுத்த தாளில் இருந்த தேதியும் ஓடோமீட்டரோடு சேர்த்து ஒத்துப்போயின. வருடாந்த சோதனை வரலாற்றை இலக்கத்தகட்டைப் போட்டு அரசாங்க இணையதளத்திலும் பார்த்தேன், காசில்லை. கடன் பாக்கி இருக்கிறதா என்று பார்க்க மட்டும் காசு கட்டினேன். 14,500 பவுணும் வாட் வரியும். புகைத் தரம் யூரோ 6 என்பதையும் பதிவுப் புத்தகத்தில் உறுதிசெய்துகொண்டேன். யூரோ 5 லொறியோடு லண்டனுக்குள் வந்தால் நாளுக்கு 100 பவுண். மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி, பிறகு அழுதவர்கள் உண்டு.

வாங்கியவுடன் செய்ய வேண்டிய ஒன்று பலருக்குத் தெரியாது. உங்கள் தொழிலின் பெயரில் தரும் நிறுவன அட்டையை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்து, சாவி கைக்கு வந்த அன்றே அதைக் கருவியில் போட்டுப் பதிவுகளை உங்கள் பெயரில் பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் நீங்கள் ஓடியதன் பதிவு பாதுகாப்பில்லாமல் கிடக்கும். பழைய சொந்தக்காரர் தன் பதிவுகளைத் தரவிறக்கி எடுத்துவிட்டாரா என்று விற்கும் முன்பே கேளுங்கள், அவை அவர் வைத்திருக்க வேண்டியவை. அதன் பிறகு உங்கள் பொறுப்பு. சாரதி அட்டையை 28 நாளுக்குள், கருவியை 90 நாளுக்குள் தரவிறக்க வேண்டும். நான் நான்கு கிழமைக்கு ஒரு ஞாயிறு இரண்டையும் செய்துவிடுகிறேன். தாளில் அச்சாகும் நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரம், கோடை காலத்தில் எங்கள் கடிகாரத்துக்கு ஒரு மணித்தியாலம் பின்னால் இருக்கும். முதல் ஏப்ரலில் நான் பிழை என்று நினைத்துக் கராஜுக்கு ஓடினேன்.

இப்போது லெஸ்டர் போகும் நாட்களில் 45 நிமிடத்தை நோர்தாம்ப்டனிலேயே எடுக்கிறேன். பிளாஸ்கில் பிளேன்டீ, மனைவி கட்டித் தரும் பாண். சில நாள் அப்படியே சாய்ந்து கண் அயர்வேன். கட்டில் படம் திரையில் இருக்கும். அந்த நேரத்தில் கடைக்காரர் யாராவது “எங்கே நிற்கிறாய்” என்று கேட்டு எடுத்தால், ஓய்வில் நிற்கிறேன் என்று கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

வருகிற சனிக்கிழமை மச்சானோடு லொறி பார்க்கப் போகிறோம். சாரதி அட்டை, டோர்ச், கீழே விரிக்க ஒரு அட்டைப் பெட்டி எடுத்து வைத்தாயிற்று. கருவி அறிக்கை அச்சடிக்கும் காகிதச் சுருளும் புதிதாக ஒன்று வாங்கினேன். யார்டில் நிற்கும் லொறிகளில் அது பெரும்பாலும் தீர்ந்துதான் கிடக்கும்.