முடிச்சு ரவிக்கை

"யாருக்குத் தெரியப்போவுது மாஸ்டர், ஹூக்கே வச்சிடுங்க" என்று நான் சொன்னதில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பல வருஷமாக அதையே நினைத்துக்கொண்டும் இருக்கிறேன்.

நான் டிவி நாடகங்களுக்கு உடை தயார் செய்கிறவள். அந்தத் தொடர் ஜப்பான்காரர்கள் இங்கே ஆண்ட காலத்துக் கதை. 1942-இல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் பெண்ணுக்கு நாலு ரவிக்கை வேண்டும். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் எங்களுக்கு வழக்கமாகத் தைத்துத் தரும் மாஸ்டர் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க ஆத்தா காலத்துல ஹூக் ஏதும்மா? முன்னால ரெண்டு பக்கத்தையும் இழுத்து முடிச்சுப் போட்டுக்குவாங்க. அப்படியே தைக்கிறேனே" என்றார். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

எனக்குக் காரணம் இருந்தது. மழையில் நனையும் காட்சிக்கும் அதற்கு முந்தைய காட்சிக்கும் நடுவே உடை மாற்ற ஐந்து நிமிஷம்கூடக் கிடையாது. முடிச்சு என்றால் ஒவ்வொரு டேக்கிலும் ஒவ்வொரு மாதிரி உட்காரும், கண்டினியூட்டி போய்விடும். முந்தானை எப்படியும் மூடிவிடும். மூடியது. ஒளிபரப்பானபோது ஒருவர்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஆனால் ரவிக்கைகள் வந்த அன்று ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். முன்பட்டியை வழக்கத்தைவிட நீளமாக விட்டு, உள்ளே மடித்து, லேசாக ஓட்டுத் தையல் போட்டிருந்தார். அதைப் பிரித்தால் முடிச்சுப் போடலாம். நாலில் அது ஒன்றில் மட்டும்தான் அப்படி. அதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் பிரிக்கவில்லை.

2017 ஜூனில் மரினா பே சாண்ட்ஸில் 'டவுன்டன் ஆபி' கண்காட்சி திறந்தார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்துப் பிரபு குடும்பத்தையும் அவர்கள் வீட்டு வேலைக்காரர்களையும் பற்றிய டிவி தொடர் அது. கண்காட்சி பல ஊர்களுக்குப் போனது, முதலில் வந்தது சிங்கப்பூருக்குத்தான். வேலை சம்பந்தமாகப் பார்த்தே ஆக வேண்டும் என்று போனேன். கூட்டம் சமையலறை செட்டிலும், வேலைக்காரர்களைக் கூப்பிடும் மணிப்பலகை முன்னாலும் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. மேலே பிரபு குடும்பம் வாழும் காட்சிகளை இங்கிலாந்தில் நிஜமாகவே இருக்கும் ஹைக்ளியர் கோட்டையிலேயே எடுத்தவர்கள், கீழே வேலைக்காரர்கள் புழங்கும் இடத்தை லண்டன் ஈலிங் ஸ்டூடியோவில் செட்டாகப் போட்டார்கள். கதவைத் தாண்டிப் படியிறங்கும் ஆள் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நடக்கிறார். பார்க்கிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. 'சரி, நான் செய்ததும் இதுதானே' என்று மனசு கொஞ்சம் லேசானது.

பிறகு உடைகளுக்கு வந்தேன். 1920-களின் மாலை உடைகளில் நிஜமான பழைய மணி வேலைப்பாட்டைக் காப்பாற்றிப் புதுத்துணி மேல் பொருத்தியிருந்தார்கள். பழைய துணி நூலாக இற்றுப்போயிருக்கும், மணிகளின் கனத்தைத் தாங்காது. அதனால் வேலைப்பாட்டை மட்டும் எடுத்து வைப்பார்கள். இதில் எது நிஜம், எது பொய்? ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன். அந்த உடைகளைத் துவைக்கவும் முடியாது. கக்கத்தில் தனித் துணி வைத்து அதை மட்டும் கழற்றித் துவைப்பார்கள் என்று அதில் நடித்தவர் ஒருவரே சொல்லியிருக்கிறார். நாங்களும் அதைத்தான் செய்கிறோம். இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதே தொடரின் விளம்பரப் படம் ஒன்றில் 2014-இல் கணப்பு மாடத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்துவிட்டது. வரலாற்றைச் சரிபார்க்கவென்றே ஓர் ஆலோசகரை வைத்திருந்த தொடர் அது. உலகமே அந்த பாட்டிலைக் கண்டுபிடித்தது. என் ஹூக்கை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அப்படியானால் நான் தப்பித்தேனா, நான் சொன்னதுதான் சரியா? இரண்டும் ஒன்றில்லை என்று தெரிகிறது. எது என்று மட்டும் தெரியவில்லை.

கடைசியில் ஒவ்வொரு பொம்மைக்கும் பின்னால் எட்டிப் பார்த்தேன், முதுகுப்பக்கம் என்ன போட்டு மூடியிருக்கிறார்கள் என்று. முக்கால்வாசிக்கும் முன்பக்கம்தான் தெரிந்தது. காவலுக்கு நின்ற பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் நகர்ந்துவிட்டேன்.

பட்ஜெட், நேரம், டைரக்டரின் அவசரம் எல்லாம் நிஜம்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதே முடிவைத்தான் எடுப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் மாஸ்டர் ஒரு சட்டையைப் பற்றி என்னிடம் சொல்லவில்லை, தன் ஆத்தாவைப் பற்றிச் சொன்னார். அதற்கு நான் கொடுத்த பதில் 'யாருக்குத் தெரியப்போவுது'. அதற்கப்புறம் அவர் எங்கள் வேலை எதிலும் கருத்துச் சொன்னதில்லை. அளவு கேட்பார், தேதி கேட்பார்.

கண்காட்சி பார்த்துவிட்டு வந்த அடுத்த வாரம் வேறொரு தொடருக்குத் துணி கொடுக்கப் போனேன். அந்த ரவிக்கையைப் பற்றிப் பேசிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நோட்டைத் திறந்தார். "ஹூக்குதானேம்மா?" என்றார்.

"ஆமாம் மாஸ்டர்" என்றேன். அது இந்தக் காலத்துக் கதை.