கிழக்கே பெர்னால் குன்றுகள்

நியூ மெக்சிகோவில் பெக்கோஸ் ஆற்றங்கரையில் சான் மிகுவேல் தெல் வாதோ என்று ஓர் ஊர். 1794-ல் லொரென்சோ மார்க்கேஸ் என்பவரும் இன்னும் 51 பேரும் ஸ்பானிய ஆளுநரிடம் மனுப் போட்டு வாங்கிய நிலம் அது. வடக்கே வாக்கா ஆறு, தெற்கே பிளாங்கோ பள்ளத்தாக்கு, கிழக்கே பெர்னால் குன்றுகள், மேற்கே குசானோ என்கிற இடம். நான்கெல்லை சொல்லியாகிவிட்டது, ஏக்கர் கணக்கு கிடையாது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் சர்வேயராகக் காலம் தள்ளிய எனக்கு, தாலுகா ஆபீஸ் பழைய கட்டைப் பிரித்த மாதிரி இருந்தது.

மகள் அதே நியூ மெக்சிகோவில் லாஸ் குரூசஸ் ஊரில் இருப்பதால்தான் இந்த ஊர்களெல்லாம் எனக்கு அறிமுகம். "நம்ம தர்மபுரி மாதிரியே காய்ஞ்சு கிடக்கு, இல்லப்பா?" என்றாள். எங்கே! நமக்கு வருஷத்துக்கு 80 சென்டிமீட்டர் மழையாவது பெய்கிறது. அங்கே 25-ஐத் தொட்டால் பெரிய விஷயம். ரியோ கிராண்டே ஆற்றை விட்டுப் பத்து மைல் தள்ளிப் போனால் முள்ளும் மணலும்தான். குடியேற்றமெல்லாம் ஆற்றை ஒட்டியே நீளமாகப் போனதற்குக் காரணம் அதுதான்.

அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே மெஸில்லா. 1848-ல் அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் நடந்த போர் முடிந்து, குவாடலூப் இதால்கோ ஒப்பந்தப்படி, ஸ்பெயினுக்குப் பின் மெக்சிகோவிடம் இருந்த நியூ மெக்சிகோவின் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. மெக்சிகோ குடிகளாகவே இருந்துவிடலாம் என்று நினைத்த குடும்பங்கள் சாமான் செட்டோடு ஆற்றுக்கு மேற்கே போய் மெஸில்லாவில் குடியேறின. 1853 டிசம்பரில் அமெரிக்கா, ரயில் பாதை போட வசதியாக, அந்தப் பக்கத்தையும் பேசி முடித்தது; கடைசியில் விலை ஒரு கோடி டாலர். மறு வருஷம் மெஸில்லாவும் அமெரிக்கா. ஓடிப் போனவர்களைக் கோடு துரத்திப் பிடித்துவிட்டது.

ராஜா மாறினால் பின்னாலேயே அளவுச் சங்கிலி வரும். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாராமகால் 1792-ல் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு வந்ததும் கேப்டன் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளக்க இறங்கினார்கள். நியூ மெக்சிகோவுக்கு 1854-ல் அமெரிக்கா ஒரு தலைமைச் சர்வேயரையே நியமித்தது. 1891-ல் இந்த நில உரிமைகளை விசாரிக்கவென்றே தனிக் கோர்ட்.

ஸ்பானியர் நிலம் கொடுத்த முறை நமக்கு அந்நியமானதல்ல. வீட்டுமனை தனி, அது நம் நத்தம். வாய்க்கால் பாயும் சாகுபடி நிலம் ஆளுக்கொரு துண்டு, அது பட்டா. மிச்சமெல்லாம் ஆடு மேய, விறகு பொறுக்க, பொதுவில். ஊர் அதிகாரி, நிலம் பெறுபவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் நிலத்தில் நிறுத்துவார். இவர்கள் புல்லைப் பிடுங்குவார்கள், கல்லை எடுத்து வீசுவார்கள், ராஜா வாழ்க என்று கத்துவார்கள். சுவாதீனம் முடிந்தது. சான் மிகுவேல் பத்திரத்தில், பொது நிலம் இவர்களுக்கு மட்டுமல்ல, இனிமேல் வந்து சேர்பவர்களுக்கும்தான் என்றே எழுதியிருக்கிறது.

கொடுத்தவர்கள் யோக்கியர்கள் என்று சொல்லவில்லை. 1598-ல் முதல் குடியேற்றத்தைக் கூட்டி வந்த ஒன்யாத்தே, அடுத்த வருஷமே ஆகோமா குன்று மக்களை நூற்றுக்கணக்கில் கொன்று, பிடிபட்டவர்களில் இருபத்தைந்து வயதைத் தாண்டிய ஆண்களின் ஒரு பாதத்தை வெட்டச் சொன்னவன். 1680-ல் போப்பே தலைமையில் பூர்வகுடிகள் திரண்டெழுந்து ஸ்பானியரை எல் பாசோ வரை விரட்டினார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் அவர்களால் திரும்பி வர முடிந்தது. யார் நிலத்தை யார் யாருக்குக் கொடுத்தது என்று தோண்டினால் அந்தக் கட்டு முடியாது.

கோர்ட்டுக்கு வருகிறேன். சான் மிகுவேல் ஆட்கள் கேட்டது சுமார் 3,15,000 ஏக்கர். 1897-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன வழி: மனையும் சாகுபடி நிலமும் அவர்களுடையது, பொது நிலம் ஸ்பெயின் ராஜாவுடையது, அவரிடமிருந்து மெக்சிகோவுக்கு, மெக்சிகோவிடமிருந்து அமெரிக்காவுக்கு. கடைசியில் கைக்கு வந்தது 5,147 ஏக்கர். இந்த மாதிரி நில மானியங்களைக் காப்பாற்ற 1848 ஒப்பந்தத்தில் பத்தாவது பிரிவு ஒன்று எழுதப்பட்டிருந்தது. அதை அமெரிக்க செனட் முன்பே அடித்துவிட்டது.

இந்தத் தீர்ப்பு எனக்குச் சுலபமாகப் புரிகிறது, அதுதான் உறுத்தல். மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளி என்று எத்தனை புல எண்ணுக்கு நேராக 'சர்க்கார்' என்பதை யோசிக்காமல் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் இனி வருபவருக்கும் சேர்த்து என்று கையெழுத்தான காகிதம் எதிரில் இருக்கும்போது, நானாயிருந்தால் பொது நிலத்தை ஊர் பெயரில்தான் காட்டியிருப்பேன்.

தீர்ப்புக்கு முன்பே அதே சான் மிகுவேல் கவுண்டியில் கலவரம் தொடங்கியிருந்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் மேய்ச்சல் நிலத்தை வளைத்து முள்கம்பி போட, 1889-ல் ஹுவான் ஹோசே ஹெரேராவின் ஆட்கள் வெள்ளை முகமூடி மாட்டிக்கொண்டு ராத்திரியில் குதிரையில் வந்து வேலிகளை மைல் கணக்கில் வெட்டிப் போட்டார்கள். தளிப் பக்கம் எல்லைக்கல்லைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டவர்கள் மேல் நான் புகார் எழுதியிருக்கிறேன். ஹெரேரா மேலும் எழுதித்தான் இருப்பேன். வாங்குகிற சம்பளம் அப்படி.