அப்டேட்டரில் டைம்அவுட்: ஒரே எண்ணை மூன்றாகப் பிரித்தது

லினக்ஸில் ஓடும் சின்ன அப்டேட்டர். வெர்ஷன் பட்டியலை இறக்கும், புதியது இருந்தால் தொகுப்பை இறக்கி, கையொப்பம் சரிபார்த்து நிறுவும். டவுன்லோடுக்கு லிப்கர்ல் என்ற புரோகிராம் நூலகம். இந்தக் கட்டத்தில் தொட்டது டைம்அவுட்டை, அதாவது எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வரம்பை மட்டும்.

மொத்த டவுன்லோடுக்கும் சேர்த்து 60 நொடி என்று வைத்தால், 200 எம்பி தொகுப்பு நொடிக்கு 1 எம்பி வேகத்தில் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போதே டூல் அதை வெட்டிவிடும். 600 என்று ஏற்றினால், பாதியில் செத்துப்போன சர்வருக்காகப் பத்து நிமிடம் காத்துக் கிடக்கும். அதனால் இணைப்புக்கு ஒன்று, தேக்கத்துக்கு (டவுன்லோட் பாதியில் நின்றுபோவதற்கு) ஒன்று என்று வரம்பைப் பிரித்தாயிற்று. மொத்த நேர வரம்பு சில கேபி அளவுள்ள வெர்ஷன் பட்டியலுக்கு மட்டும்: 20 நொடி.

இணைப்பு வரம்பு 15 நொடி. லிப்கர்லில் எதுவும் சொல்லாவிட்டால் இது 300. லினக்ஸ் கெர்னலைத் தன் பாட்டுக்கு விட்டால், பதில் வராத சின் பாக்கெட்டை (இணைப்பு கேட்கும் முதல் பாக்கெட்) 1, 2, 4 என்று இரட்டிக்கும் இடைவெளிகளில் ஆறு முறை திருப்பி அனுப்பி, 127 நொடிக்குப் பிறகுதான் கைவிடும் (புதிய கெர்னல்களில் சில நொடி கூடும்). இந்தக் கணக்கில் பாக்கெட் போவது 0, 1, 3, 7-ஆவது நொடிகளில். வரம்பு 3 என்றால் மூன்றாவது பாக்கெட் கிளம்பும் நேரத்தில் கதவைச் சாத்திவிடுகிறோம். 10 என்றால் நான்கு வாய்ப்பு கிடைக்கும். கூடுதல் 5 நொடி டிஎன்எஸ்ஸுக்கு, அதாவது சர்வர் பெயருக்கு முகவரி தேடுவதற்கு. லிப்கர்ல் பெயர் தேடுவதையும் டிஎல்எஸ் கைகுலுக்கலையும் (மறையாக்கத்தை ஏற்பாடு செய்யும் ஆரம்பப் பரிமாற்றம்) இதே வரம்பில்தான் சேர்க்கிறது. ரிசால்வ்.கான்ஃப் என்ற அமைப்பு ஃபைலில் முதலில் உள்ள நேம்சர்வர் பதில் தராவிட்டால், இயல்பாக 5 நொடி கழித்துத்தான் அடுத்ததுக்குப் போகும்.

தேக்கத்துக்கு: நொடிக்கு 1000 பைட்டுக்குக் கீழே 30 நொடி நீடித்தால் துண்டி. ஃபெடோரா லினக்ஸின் தொகுப்பு நிறுவியான டிஎன்எஃப்பின் இயல்பு எண்களும் இவையே. இந்த வரம்பைத் தவிர்க்கவே கூடாது. பாதி ஃபைலில் லைன் அறுந்தால், பெறும் பக்கத்துக்கு அனுப்ப எதுவும் இல்லை. கீப்அலைவ் (மறுமுனை இருக்கிறதா என்று அவ்வப்போது தட்டிப் பார்ப்பது) இல்லாத டிசிபி அதைக் கண்டுகொள்ளாமல் காத்துக்கொண்டே இருக்கும்.

சோதிக்க லினக்ஸின் ஃபயர்வால் டூலான ஐபிடேபிள்ஸ் போதும். சர்வர் முகவரிக்கு ரிஜெக்ட் (மறுத்துப் பதில் சொல்லும்) விதி போட்டால் உடனே லிப்கர்லின் பிழை 7 (இணைக்க முடியவில்லை). டிராப் (பதிலே சொல்லாமல் விழுங்கும் விதி) போட்டால் சரியாக 15-ஆவது நொடியில் பிழை 28 (நேரம் முடிந்தது). டவுன்லோட் பாதியில் இருக்கும்போது டிராப் போட்டால் தேக்க வரம்பு வேலை செய்கிறதா என்று பார்க்கலாம். இதை விட்டுவிட்டால் மற்ற இரண்டும் சரியாக வந்தும் பயனில்லை.

திரும்ப முயல்வது 28, 7, 6 (சர்வர் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை) ஆகிய பிழைகளுக்கும், 408, 429, 500, 502, 503, 504 என்ற சர்வரின் ஹெச்டிடிபி பதில்களுக்கும் மட்டும். 404-ஐயும் (ஃபைல் இல்லை) சான்றிதழ் பிழையையும் எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்தான். இடைவெளி 2, 4, 8 நொடி, அதில் பாதி வரை ரேண்டமாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒரே நேரத்தில் தோற்ற மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்ப வந்து மோதும். சர்வர் ரீட்ரை-ஆஃப்டர் (எவ்வளவு நேரம் கழித்துத் திரும்ப வரலாம் என்ற குறிப்பு) அனுப்பினால் அதுவே முந்தும்.

விட்ட இடத்திலிருந்து தொடர்வதில் ஒரு பொறி உண்டு. எந்த பைட்டிலிருந்து வேண்டும் என்று கேட்கும் ரேஞ்ச் ஹெடரோடு, முன்பு வந்த ஈடேக்கை (ஃபைலின் பதிப்பு அடையாளம்) இஃப்-ரேஞ்ச் ஹெடரில் வைத்து அனுப்புகிறோம். ஃபைல் மாறாமல் இருந்தால் 206 வரும், மீதியை ஒட்டலாம். மாறியிருந்தால் 200-உடன் முழு ஃபைலும் வரும். அப்போது பாதி ஃபைலைக் காலி செய்யாமல் ஒட்டினால், கையொப்பம் ஒவ்வொரு முறையும் தோற்கும். பாதி ஃபைல் தனிப் பெயரில் இருக்கட்டும். சரிபார்ப்பு முடிந்த பிறகே பெயர் மாற்றம்.

பாக்கி இருப்பது எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) சிக்கல். டிசிபி இணைப்பு நொடியில் கிடைத்து, சர்வர் அனுப்பும் பெரிய பாக்கெட்டுகள் மட்டும் வழியில் தொலைந்தால் டிஎல்எஸ் கைகுலுக்கலில் நிற்கும். இதுவும் வெறும் 28 என்றே லாகில் விழுகிறது. எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை லிப்கர்லின் கனெக்ட் (டிசிபி இணைப்பு முடிந்த) நேரத்தையும் ஆப்கனெக்ட் (டிஎல்எஸ் முடிந்த) நேரத்தையும் வைத்துப் பிரிக்கலாம்: முதலாவதில் எண் இருந்து இரண்டாவது பூஜ்யமாக இருந்தால் டிஎல்எஸ். அடுத்து லாகில் சேர்க்கப்போவது இந்த இரண்டு எண்களையும்தான்.