சென்சூலே நோட்டு

வேலை நிமித்தமாக நான் குவாம் தீவுக்கு வந்த முதல் ஆண்டில், மங்கிலாவ் கிராமத்தில் எங்கள் பக்கத்து வீட்டு மூதாட்டி காலமானார். துக்கம் கேட்கப் போனபோது அவருடைய மூத்த மகள் உணவு மேசையில் ஒரு பழைய நோட்டை விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். யார் வீட்டுச் சாவுக்கு, எந்த ஆண்டில், எவ்வளவு கொடுத்தோம், யாருடைய திருமணத்துக்கு எத்தனை மூட்டை அரிசி போயிற்று, யார் இரண்டு நாள் வந்து அடுப்படியில் நின்றார்கள் என்று இறந்தவர் தம் கையாலேயே பல ஆண்டுகளாக எழுதி வைத்திருந்த குறிப்புகள் அதில் இருந்தன. மொய் நோட்டைப் பார்த்து வளர்ந்தவனாகிய எனக்கு அது என்னவென்று ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் எனக்குப் புரிந்தது பாதிதான் என்பது பிறகே தெரிந்தது.

குவாமும் சேர்ந்த மரியானா தீவுகளின் பூர்வகுடிகளான சமோரு மக்கள் இந்தக் கொடுக்கல் வாங்கலைச் சென்சூலே என்கிறார்கள். சாவு வீட்டில் கொடுக்கும் பணத்துக்கு இகா என்று தனிப் பெயர் உண்டு. பணம் மட்டுமல்லாமல், பிடித்து வந்த மீன், வெட்டிக் கொடுத்த விறகு, பந்தல் போட்ட உழைப்பு என எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். பெற்றோர் பெற்ற உதவிக்குப் பிள்ளைகள் பொறுப்பேற்கிறார்கள். பேரப்பிள்ளைகள் வரையிலும் அது தொடர்கிறது. கணக்கை ஒருநாள் முழுவதுமாகத் தீர்த்துவிட வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை, ஏனென்றால் ஏதாவது ஒன்று பாக்கி இருக்கும் வரையில்தான் இரண்டு குடும்பங்களும் ஒன்றையொன்று தேடிப் போகும். இதன் அடியில் இருக்கும் நெறியை இனஃபமாவ்லெக் என்ற ஒரே சொல்லில் சொல்கிறார்கள். ‘மாவ்லெக்’ என்றால் நல்லது. ஒருவருக்கொருவர் நல்லதாக்கிக்கொள்வது என்று அந்தச் சொல்லைப் பிரித்துப் பொருள் கொள்ளலாம்.

இந்த நெறியை அறியாத ஒருவரால் வந்த கேடு இத்தீவுகளின் எழுதப்பட்ட வரலாற்றின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. 1521 மார்ச் 6 அன்று, பசியால் வாடிய மாலுமிகளுடன் ஸ்பெயினுக்காகக் கடலோடிய மகெல்லனின் கப்பல்கள் இங்கே வந்து சேர்ந்தன. படகுகளில் வந்த தீவினர் கப்பலில் ஏறிக் கைக்குக் கிடைத்த பொருள்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு சிறு படகும் போயிற்று. மறுநாள் மகெல்லன் ஆயுதம் ஏந்திய வீரர்களுடன் கரையிறங்கி நாற்பதுக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்து, ஏழு பேரைக் கொன்று, இவற்றுக்குத் ‘திருடர்களின் தீவுகள்’ என்று பெயரும் இட்டார். வந்தவர்கள் தங்கள் கரைக்கு வந்த விருந்தாளிகள், அவர்களிடம் உள்ளதில் தங்களுக்கும் பங்குண்டு என்று அம்மக்கள் எண்ணியிருக்கலாம் என்பதே இன்று இங்குள்ள பலரின் விளக்கம். எனக்கும் அதுதான் பொருந்தி வருகிறது. அந்தப் பெயர் நூற்றைம்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் வரைபடங்களில் ஒட்டிக்கொண்டிருந்ததை நினைக்கும்போதெல்லாம் மனம் கசக்கிறது.

1668இல் இயேசு சபைப் பாதிரியார் சான் வித்தோரெஸ் வந்த பிறகு நடந்தவை அதைவிடக் கொடியவை. போரும் அம்மை முதலிய நோய்களும் சேர்ந்து, அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கள்தொகையைச் சில ஆயிரங்களாகக் குறைத்துவிட்டன. மிஞ்சியவர்களைத் தேவாலயத்தைச் சுற்றிய கிராமங்களில் குடியேற்றினார்கள். முன்னோரின் மண்டையோடுகளை வீட்டில் வைத்து வணங்கும் வழக்கம் அழிக்கப்பட்டது. லாத்தே எனப்படும் கல்தூண்களின் மேல் வீடு கட்டும் முறையும், விரைவுக்குப் பேர்போன பாய்மரப் படகுகளும் மறைந்தன. இவ்வளவும் போன பின்னர் எஞ்சி நின்றது எது என்று கேட்டால், சாவு வீட்டு அடுப்படியைத்தான் நான் கைகாட்டுவேன்.

இறந்தவருக்காக ஒன்பது இரவுகள் ஊரார் அனைவரும் கூடி ஜெபமாலை சொல்கிறார்கள். அடுத்த ஒன்பது இரவுகள் வீட்டாருக்கு உரியவை. ஜெபத்தை முன்னின்று நடத்துபவர் தேச்சா என்று அழைக்கப்படும் பெண். ஸ்பானியருக்குப் பின் வந்த அமெரிக்க ஆட்சியில், 1917இல் கடற்படை ஆளுநர் சமோரு மொழிக்குத் தடை விதித்து, பள்ளிகளில் அதைப் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்ட காலத்திலும், இந்த ஜெபங்கள் சமோருவிலேயே ஒலித்துக்கொண்டிருந்தன. எங்கள் பக்கத்து வீட்டில் ஒன்பது இரவுகளும் நான் போய் அமர்ந்தேன். சொற்கள் புரியவில்லை, ஆனால் தேச்சாவின் குரல் ஏறி இறங்கிய விதம் இன்றும் காதில் இருக்கிறது.

ஜெபம் முடிந்ததும் உணவு. அச்சோட்டே விதையின் நிறமேறிய சிவப்புச் சோறு, எலுமிச்சையும் தேங்காய்த் துருவலும் சேர்த்த கோழிக் கெலாகுவென், தொட்டுக்கொள்ளக் காரமான பினாடெனிச் சாறு. அச்சோட்டே ஸ்பானியர் காலத்தில் வந்தது. நெல்லோ ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இத்தீவுகளில் விளைந்தது. அக்காலத்திலும் அரிசி அன்றாட உணவாக இல்லாமல் சடங்குகளுக்கு உரியதாகவே இருந்திருக்கிறது. உண்ட பின் முதியவர்கள் புகுவாவையும் புபுலுவையும் சுண்ணாம்பையும் எடுத்து வைத்தார்கள். பாக்கும் வெற்றிலையும்தான். பசிபிக் கடலின் நடுவில் அந்த வாசனை என் தாத்தாவின் திண்ணையை எனக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தது.

அங்கே நான் கற்ற இன்னொன்று மரியாதை செய்யும் முறை. இளையவர் குனிந்து முதியவரின் வலக்கையைப் பற்றி, மூக்கருகே கொண்டுபோய் மெல்ல முகர்கிறார். ஆணுக்கு ‘ஞோட்’ என்றும் பெண்ணுக்கு ‘ஞோரா’ என்றும் சொல்கிறார். ‘தியோஸ்தே அயுதி’, கடவுள் உனக்குத் துணை இருக்கட்டும் என்று முதியவர் வாழ்த்துகிறார். சொற்கள் ஸ்பானியத்திலிருந்து வந்தவை. செயல் அதற்கும் முந்தியது. இதன் பெயர் ஙிங்ஙே. நம் எழுத்து வரிசையில் சொல்லின் முதலில் வரும் வாய்ப்பின்றிக் காத்திருக்கும் ங, இங்கே மரியாதைக்குரிய சொல்லையே தொடங்கி வைக்கிறது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அந்தப் பதினெட்டு நாள்களும் எந்த முடிவையும் மூத்த மகளே எடுத்ததைக் கவனித்தேன். பழைய சமோரு சமூகத்தில் வம்சம் தாய்வழியில் சென்றது. குலத்தின் மூத்த பெண்ணாகிய மகாஹாகாவும் மூத்த ஆணாகிய மகாலாஹியும் சேர்ந்து குலத்தை நடத்தினார்கள். கணவன் துரோகம் செய்தால் ஊர்ப் பெண்கள் திரண்டு சென்று அவனுடைய பயிரை அழித்தார்கள் என்று இயேசு சபையினரே எழுதி வைத்திருக்கிறார்கள். ஸ்பானியச் சட்டமும் திருச்சபையும் குடும்பப் பெயரைத் தந்தைவழிக்கு மாற்றின. ஆனாலும் நோட்டு பெண்களின் கையிலேயே இருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஊரில் என் தந்தை இறந்தார். காரியங்களை முடித்துவிட்டுத் திரும்பி வந்த அன்று மாலையே பக்கத்து வீட்டு அக்கா ஒரு உறையுடனும் ஒரு மூட்டை அரிசியுடனும் வாசலில் நின்றார். அவருடைய தாயின் இறுதிச் சடங்கில் நான் கொடுத்த இகா அந்த நோட்டில் பதிவாகியிருந்தது. உறையில் அதைவிடக் கூடுதலாகவே இருந்தது. என்னால் பேச முடியவில்லை. அவர் கையைப் பற்றிக் குனிந்து ‘ஞோரா’ என்றேன்.

வருகிற சனிக்கிழமை அவருடைய சித்தி வீட்டில் ஜெபமாலையின் கடைசி இரவு. அவர் இருக்கும் இனரஹான் கிராமத்துக்கு நான்கு மணிக்கே போனால்தான் நாற்காலிகளை இறக்கி வைக்க உதவ முடியும்.